‘போர்ட் வரவில்லை’: வடசென்னை மாலை வகுப்பொன்றில் ஆர்டுயினோ பலகைகளை இயக்கிய விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வியாசர்பாடியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று நடத்திவரும் மாலைப் படிப்பு மையத்தில், ஒன்பதாம் வகுப்பு முதல் பாலிடெக்னிக் முதலாண்டு வரை பயிலும் 16 மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் நுண்கட்டுப்படுத்தி (நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு சில்லு) குறித்த பயிற்சி அளிப்பது என்று முடிவாகியது. மையத்தின் பதிவேட்டை எழுதிவருபவன் என்ற முறையில், அந்தப் பயிற்சியின் தொடக்கத்தில் நேர்ந்த தடைகளையும் அவை நீங்கிய விதத்தையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பயிற்றுநர்கள் இருவர். ஒருவர் மின்னணுவியலில் டிப்ளமோ முடித்து, பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். மற்றவர் பொறியியல் இறுதியாண்டு மாணவி. பருவ இறுதியில் மாணவர்களே தரையடித் தொட்டிக்கு (சம்ப்) ஒரு நீர்மட்ட எச்சரிக்கைக் கருவி செய்ய வேண்டும் என்பது இலக்கு. மெட்ரோ வாட்டர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் சம்ப் மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் என்பதால், இந்த இலக்கை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தகைய சில்லைச் சுமந்த பயிற்சிப் பலகையாக ஆர்டுயினோ ஊனோ தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தாலியில் 2005-இல் மாணவர்களுக்கென்று தொடங்கிய ஆர்டுயினோ திட்டத்தின் சுற்று வரைபடங்கள் வெளிப்படையாக வெளியிடப்பட்டிருப்பதால், அதே வடிவமைப்பில் வேறு நிறுவனங்கள் செய்யும் பலகைகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன; அசலின் விலையில் சிறு பங்குதான் ஆகும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் தேடியும், கையிருப்பில் இருந்த தொகைக்கு நான்கு ஊனோ பலகைகளே அமைந்தன. மீதி நான்குக்கு அதே ஏடிமெகா328பி சில்லு கொண்ட சிறிய நானோ பலகைகள் வாங்கப்பட்டன. சில்லு ஒன்றுதான், 32 கிலோபைட் ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்), 2 கிலோபைட் ரேம், 5 வோல்ட் என்று எல்லாம் ஒன்றுதான், எனவே பாடம் மாறாது என்பது அப்போதைய கணக்கு. பாடத்தைப் பொறுத்தவரை அது சரியாகவே இருந்தது. பாடத்துக்கு முந்தைய வேலைகள்தான் மாறின.

கணினிகள் எட்டு; ஒன்றுக்கு இருவர். அவற்றில் நான்கு, மாணவர்களின் அண்ணன் அக்காக்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள், இரண்டு நன்கொடையாக வந்த மேசைக் கணினிகள், இரண்டு பயிற்றுநர்களுடையவை. மையத்தில் நிலையான இணைய இணைப்பு கிடையாது.

முதல் வகுப்பில் கண்டவை

பலகையின் 13-ஆம் பின்னோடு (இணைப்பு முனையோடு) இணைந்த சிறு எல்இடி ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைய வேண்டும் என்பதுதான் முதல் பாடம். நிரலை எழுதிப் பலகைக்கு அனுப்பும் ஐடிஇ என்ற மென்பொருளுடன் வரும் ‘பிளிங்க்’ என்ற எடுத்துக்காட்டைத் திறந்து, பலகையின் வகையையும், அது கணினியோடு பேசும் வழியான போர்ட்டையும் தேர்ந்து, அப்லோட் பொத்தானை அழுத்தினால் முடியும் வேலை. முதல் அரை மணி நேரத்தில் இதை முடித்துவிட்டு, நொடிக்கணக்கை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம் என்று திட்டமிடப்பட்டிருந்தது. வகுப்பு முடியும்போது மூன்று கணினிகளில் மட்டுமே எல்இடி சிமிட்டியது.

மீதி ஐந்திலிருந்தும் வந்த முறையீடு ஒன்றுதான்: “சார், போர்ட் வரல சார்.” ஐந்து இடத்திலும் ஒரே சொற்கள் பயன்பட்டதால், ஐந்திலும் ஒரே கோளாறு என்று பயிற்றுநர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் இரண்டு கணினிகளில் போர்ட் வந்திருந்தது. ஒன்றில் அப்லோட் தொடங்கி, ஆரஞ்சு நிறத்தில் பத்து வரிகள் ஓடி நின்றது. மற்றொன்றில் அப்லோட் வரை போகவே இல்லை, நிரலைத் தொகுக்கும்போதே (சில்லுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும்போதே) கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றது. சிவப்பு, ஆரஞ்சு எழுத்துகளில் ஆங்கில வரிகள் வந்தால் அவற்றைப் படிக்காமலே மேலே தள்ளிவிட்டு, பக்கத்து மேசையில் என்ன சொல்கிறார்களோ அதையே சொல்லும் பழக்கம் மாணவர்களிடம் இருந்தது.

வேறொன்றும் அன்று கண்ணில் பட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர், எடுத்துக்காட்டு நிரலை முழுவதும் அழித்துவிட்டு, திரையில் காட்டியிருந்ததைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “நாங்கதான் எங்கயோ தப்பா அடிச்சிருப்போம்க்கா” என்றார்கள். அவர்கள் எதையும் அடிக்கவே இல்லை. அது மென்பொருளோடு வந்த நிரல். கம்பியிலோ கணினியிலோ இருந்த கோளாறை அவர்கள் தங்கள் தவறாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த வகுப்பில் கண்ட எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது இதுதான் என்று நான் கருதுகிறேன்; பின்னர் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல் இதைக் கருதியே எடுக்கப்பட்டன.

முதலில் மேற்கொண்ட நடவடிக்கை

அடுத்த வகுப்பில், எட்டுக் கணினிகளிலும் ஐடிஇயை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுவது, அப்படியே எல்லாவற்றிலும் ஒரே பதிப்பாகவும் இருக்கும் என்று முடிவாகியது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பதிவிறக்கம் நடந்தது. வகுப்பு நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று. ஐந்தில் ஒன்றுகூடச் சரியாகவில்லை. அதோடு, முன்பு நன்றாக ஓடிய ஒரு மடிக்கணினியும் நின்றுபோனது: அதில் இருந்தது 32 பிட் விண்டோஸ், 2022-இல் வந்த ஐடிஇ 2 வரிசைக்கு 64 பிட் விண்டோஸ் வேண்டும். குறைந்த நினைவகம் கொண்ட மற்றொரு மடிக்கணினியில் புதிய ஐடிஇ நிறுவப்பட்டாலும், திறந்து முடிவதற்குள் மாணவர்கள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

காரணங்களைப் பிரித்தறிந்த முறை

பட்டறைக்காரர் தம் தொழிலில் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார். இயங்குவதாக உறுதியாகத் தெரிந்த ஒரு கணினி, ஒரு கேபிள், ஒரு பலகை ஆகிய மூன்றையும் ஒரு தொகுதியாக வைத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு உறுப்பை மட்டும் சந்தேகத்துக்குரியதாக மாற்றிப் பார்ப்பது. இயங்காவிட்டால் கோளாறு அந்த உறுப்பில். இயங்கினால் அதை விலக்கிவிட்டு அடுத்ததை மாற்றுவது. வகுப்பில்லாத ஒரு மாலையில் இருவரும் அமர்ந்து இப்படிப் பார்த்தபோது, ஐந்து முறையீடுகளுக்கு நான்கு வெவ்வேறு காரணங்கள் இருந்தது தெரிந்தது.

முதலாவது, கேபிள். ஊனோ பலகைகளுடன் பிரின்டருக்குப் போடும் வகைக் கேபிள் பெட்டியிலேயே வந்திருந்தது. நானோவுக்கு வேண்டிய மினி யூஎஸ்பி கேபிள்கள் குறைந்ததால், பழைய ஸ்பீக்கர், டார்ச் ஆகியவற்றுடன் வந்தவற்றை மாணவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். ஐயத்துக்குரிய கேபிளை நடுவில் வெட்டி உறையைச் சீவிப் பார்த்தபோது, உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிகள். தரவைக் கொண்டுசெல்ல வேண்டிய பச்சையும் வெள்ளையும் இல்லை. சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்ட கேபிள் அது. மின்சாரம் போவதால் பலகையில் விளக்கு எரிகிறது. விளக்கு எரிவதால் இணைப்பு சரி என்று எல்லோரும் நம்புகிறோம். வெட்டிய அந்தக் கேபிள் இப்போது மையத்தின் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, டிரைவர், அதாவது செருகிய சாதனத்தோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள். அசல் ஊனோவில் கணினியின் யூஎஸ்பியையும், பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பலகையின் சீரியல் இணைப்பையும் இணைப்பது ஏடிமெகா16யூ2 என்ற சில்லு. நாங்கள் வாங்கிய பலகைகளில் அதற்குப் பதிலாகச் சீனத் தயாரிப்பான சிஎச்340 இருந்தது. இணைய இணைப்பு இருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் இதற்கான டிரைவரைத் தானே தேடி நிறுவிக்கொள்ளும். இணைப்பில்லாத இரண்டு மேசைக் கணினிகளிலும், சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி2.0-சீரியல்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நின்றிருந்தது. ஹாட்ஸ்பாட்டைப் பதிவிறக்கத்துக்கு மட்டும் இணைத்துவிட்டு, பலகையைச் செருகும்போது துண்டித்திருந்ததால் மீள்நிறுவலிலும் இது தீரவில்லை.

மூன்றாவது, பூட்லோடர். பலகை ரீசெட் ஆனதும் சில கணங்கள் விழித்திருந்து, கணினியிலிருந்து புதிய நிரல் வருகிறதா என்று கேட்டு, வந்தால் ஃபிளாஷில் எழுதும் சிறு நிரல் அது. நானோவின் பழைய பூட்லோடர் நொடிக்கு 57,600 பிட் வேகத்தில் பேசும். 2018 முதல் அசல் நானோவில் வரும் புதியது 1,15,200 வேகத்தில் பேசும். ஐடிஇ புதியதையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. சந்தைப் பலகைகள் பலவற்றில் இருப்பது பழையது. இருபுறமும் வேறு வேகத்தில் பேசுவதால் ‘நாட் இன் சிங்க்’ என்ற பிழை பத்து முறை ஓடி நிற்கிறது. டூல்ஸ் பட்டியலில் பிராசசர் என்ற இடத்தில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்று குறிப்பிட்டதும் அந்தப் பலகை அக்கணமே சிமிட்டியது. மற்ற நானோ பலகைகளில் ஒன்றில் புதிய பூட்லோடரே இருந்தது. இரண்டு கடைகளில் வாங்கியதன் பலன் இது.

நான்காவது காரணம்தான் எங்களை நெடுநேரம் அலைக்கழித்தது. ஒரு மடிக்கணினியில் கேபிள், டிரைவர், பலகை எதை மாற்றினாலும் நிரலைத் தொகுப்பது பாதியிலேயே முறிந்தது. பிழை வரியைப் பொறுமையாக இறுதிவரை படித்தபோது, கோப்பின் பாதையில் பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன. மடிக்கணினியின் உரிமையாளரான அக்கா, விண்டோஸை முதலில் அமைத்தபோது தம் பெயரைத் தமிழிலேயே எழுதியிருந்தார். அதனால் அவருடைய கோப்புறைக்கும் தமிழ்ப் பெயரே அமைந்திருந்தது. ஐடிஇ தன் கருவிகளையும் தற்காலிகக் கோப்புகளையும் அந்தக் கோப்புறைக்குள்தான் வைக்கிறது. விண்டோஸ் யூனிகோடில் தமிழை நன்றாகவே கையாளும். ஆனால் நிரலைத் தொகுக்கும் கருவிகள் பழைய எழுத்துக்குறி அட்டவணைகளின் வழியே பாதையைப் படிக்கின்றன, விண்டோஸ் இயல்பாகப் பயன்படுத்தும் அத்தகைய அட்டவணைகளில் தமிழுக்கென்று ஒன்று இல்லை. கட்டுப்பாட்டகத்தில் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், கோப்புறையின் பெயர் மாறாது என்பதால், ஆங்கில எழுத்துகளில் புதிய பயனர் கணக்கு ஒன்று அதில் உருவாக்கப்பட்டது. தம் பெயரைத் தமிழில் எழுதிய ஒருவரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஐடிஇ எந்தப் பதிப்பாக இருக்க வேண்டும் என்பதில் பயிற்றுநர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மாணவிப் பயிற்றுநர் 2 வரிசையையே விரும்பினார். சொற்களைத் தானே நிரப்புவதும், தட்டச்சு செய்யும்போதே பிழையை அடிக்கோடிட்டுக் காட்டுவதும் தொடக்கநிலையினருக்கு உதவும் என்பது அவர் வாதம். அது நியாயமான வாதம். ஆனால் எட்டுக் கணினிகளில் ஒன்றில் அது ஓடாது, மற்றொன்றில் மிக மெதுவாகவே ஓடும். எட்டு மேசையிலும் ஒரே திரை தெரியாவிட்டால் “மேலே வலது பக்கம் இருக்கும் பொத்தான்” என்று சொல்லிக் கற்பிக்க முடியாது. பழைய வரிசையின் இறுதிப் பதிப்பான 1.8.19 எல்லாவற்றிலும் நிறுவப்பட்டது. அந்த வரிசை இனி வளராது என்றாலும், ஊனோவுக்கும் நானோவுக்கும் வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

ஐடிஇ, சிஎச்340 டிரைவர், பருவத்துக்குத் தேவையான லைப்ரரிகள் (ஆயத்த நிரல்கள்) ஆகியவை ஒரு பென்டிரைவில் சேர்க்கப்பட்டன; வகுப்பு நேரத்தில் எதையும் பதிவிறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். வீட்டுக் கேபிள்கள் விலக்கப்பட்டு, சோதித்து வாங்கிய கேபிள்களுக்கு மஞ்சள் டேப் சுற்றப்பட்டது. ஒவ்வொரு நானோவின் அடிப்பக்கத்திலும் ‘பழையது’ அல்லது ‘புதியது’ என்று பூட்லோடரின் வகை எழுதி ஒட்டப்பட்டது.

இவற்றைவிடப் பயன்பட்டது, மாணவர்கள் தாங்களே நடத்தக்கூடிய நான்கு கட்டச் சோதனை. ஒளி, ஒலி, எண், எழுத்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பலகையைச் செருகியதும் பவர் விளக்கு எரிகிறதா என்பது ஒளி. எரியாவிட்டால் மின்சாரமே போகவில்லை. விண்டோஸ் இணைப்பு மணியை ஒலிக்கிறதா என்பது ஒலி. ஒளி வந்து ஒலி வராவிட்டால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கணினியில், செருகும் கணத்தில் டிவைஸ் மேனேஜர் பட்டியல் அசைகிறதா என்று பார்த்தால் போதும். போர்ட் பட்டியலில் காம் என்ற சொல்லோடு ஒரு எண் புதிதாகத் தோன்றுகிறதா என்பது எண். ஒலி வந்து எண் வராவிட்டால் டிரைவர்.

எழுத்து என்ற கட்டம் சற்று நுட்பமானது. பலகையின் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடும் (0 வோல்ட் முனையோடும்), 0-ஆம் பின்னை 1-ஆம் பின்னோடும் ஜம்பர் வயரால் இணைத்துவிட்டு, பலகையோடு எழுத்துகளைப் பரிமாறும் ஐடிஇ சாளரமான சீரியல் மானிட்டரில் ஓர் ஆங்கில எழுத்தை அனுப்ப வேண்டும். ரீசெட்டில் பிடித்து வைக்கப்பட்டிருப்பதால் முதன்மைச் சில்லு எதிலும் குறுக்கிடாது. அனுப்பிய எழுத்து யூஎஸ்பி சில்லு வரை போய், ஜம்பர் வழியாகத் திரும்பித் திரையில் தோன்றும். தோன்றினால், கணினியிலிருந்து யூஎஸ்பி சில்லு வரையுள்ள பாதை முழுவதும் சரி. அதற்குப் பிறகும் அப்லோட் ஆகாவிட்டால், பலகை வகை, பூட்லோடர், அல்லது பின்களில் செருகியிருக்கும் கம்பிகளைப் பார்க்க வேண்டும். மாணவர்கள் தங்கள் இனிஷியலை அனுப்பித் திரும்பப் பெற்றபோது, எல்இடி சிமிட்டியதைவிட இதற்கே அதிகம் மகிழ்ந்தார்கள் என்பது பதிவேட்டில் உள்ள குறிப்பு. சோதனை முடிந்ததும் இரு கம்பிகளையும் எடுத்துவிட வேண்டும். ரீசெட் கம்பியை மறந்தால் அப்லோட் ஆகாது.

“போர்ட் வரவில்லை” என்று முறையிடுவதற்குப் பதிலாக, எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் விதியாயிற்று.

பின் தொடர்ந்தவை

அடுத்த வகுப்பில் எட்டு மேசைகளிலும் பிளிங்க் ஓடியது. அதன்பின் பொத்தான், பொட்டென்ஷியோமீட்டர் (திருகி அளவை மாற்றும் மின்தடை) ஆகியவை தடையின்றி முடிந்தன.

எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்க உதவும் மீயொலி உணரி எச்.சி-எஸ்ஆர்04 வந்தபோது ஒரு மேசையில் மட்டும் அப்லோட் மறுபடி நின்றது. அதே நிரல், அதே பலகை, முந்தைய வாரம் ஓடியவை. மாணவர்கள் நான்கு கட்டங்களையும் நடத்திவிட்டு, “அண்ணா, எழுத்து வருது, அப்லோட் மட்டும் ஆகல” என்றார்கள். எழுத்துச் சோதனைக்காக அவர்கள் 0, 1 ஆகிய பின்களில் ஏற்கெனவே இருந்த கம்பிகளைப் பிடுங்கியிருந்ததுதான் விடை: உணரியின் எக்கோ கம்பி 0-ஆம் பின்னில் செருகப்பட்டிருந்தது. நிரலை வாங்குவதும் அந்தப் பின் வழியேதான் என்பதால், உணரி அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும்வரை கணினியின் குரல் சில்லுக்குக் கேட்காது. எக்கோவை 7-ஆம் பின்னுக்கு மாற்றினார்கள். காரணத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். பயிற்றுநர் பக்கத்தில் நின்று கேட்டதோடு சரி.

வேறொரு மேசையில் சீரியல் மானிட்டரில் கட்டங்களும் குறிகளுமாக வந்தது. நிரலில் 1,15,200 என்றும் மானிட்டரில் 9,600 என்றும் வேகம் இருந்தது.

ஒரு நானோ பழுதாயிற்று. மேசையில் இடம் போதாமல் அதை எவர்சில்வர் தட்டின் மேல் வைத்தபடி மின்னிணைப்புக் கொடுத்துவிட்டார்கள். அடிப்பக்கப் பற்றாசு முனைகள் தட்டில் பட்டு 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேரடியாகச் சேர்ந்தன. மடிக்கணினி தன் யூஎஸ்பி போர்ட்டைத் தானே அணைத்துக்கொண்டது, மறுதொடக்கத்துக்குப் பின் மீண்டது, பலகை மீளவில்லை. அன்று முதல் ஒவ்வொரு பலகையும் கெட்டி அட்டையில் கட்டப்பட்டிருக்கிறது.

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தபோது, போர்ட் தோன்றிய கணத்திலேயே மறைந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற சேவை, சிஎச்340-இன் அடையாள எண்ணைக் கண்டு அதைப் பிரெய்ல் கருவியாகக் கருதித் தன்வசம் எடுத்துக்கொள்வது அந்தப் பதிப்பில் அறியப்பட்ட சிக்கல். அவருக்கு அந்தச் சேவை தேவைப்படாததால் நீக்கப்பட்டது. அவரது கணக்கு, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த உரிமையுள்ள ‘டயல்அவுட்’ குழுவிலும் சேர்க்கப்பட்டது.

பருவ இறுதியில் ஆறு மேசைகள் நீர்மட்டக் கருவியை முடித்தன. எதிரொலி திரும்ப எடுக்கும் மைக்ரோநொடிகளை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும். ஒன்று மட்டும் உண்மையான சம்ப் மூடியின் கீழே பொருத்தப்பட்டு, தண்ணீர் குறித்த மட்டத்தைத் தொட்டதும் ஒலித்தது.

அடுத்த பருவத்தில் மாற்றவிருப்பவை

கணினிகளை அமைக்கும் வேலைக்குப் பயிற்சிக்கு முன் தனி நாள் ஒதுக்கப்படும். மாணவர்கள் அதற்கு வர வேண்டியதில்லை. மடிக்கணினியின் அட்மின் கடவுச்சொல் வீட்டில் உள்ள அண்ணனுக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை இரு முறை ஏற்பட்டதால், அதை முன்கூட்டியே கேட்டு வைப்பதும் அந்த நாளின் வேலை. பலகைகள் ஒரே கடையில் ஒரே வகையாக வாங்கப்படும். மடிக்கணினியுடன் சென்று ஒன்றிலாவது பிளிங்க் ஏற்றிப் பார்த்தபின் மீதி வாங்குவது என்று தீர்மானித்துள்ளோம். ரிச்சி தெருவின் மாலை நெரிசலில் இதற்குக் கடைக்காரர் இசைவது அரிது என்பதால், காலையில் கடை திறந்தவுடன் போக வேண்டும்.

வைஃபை வழியாகக் கைப்பேசிக்குச் செய்தி போக வேண்டும் என்று மாணவர்கள் கேட்டிருப்பதால், ஈஎஸ்பி32 பலகை சேர்க்கப்படுகிறது. அதற்கான மென்பொருள் தொகுப்பு பல நூறு மெகாபைட் கொண்டது. ஒரு கணினியில் ஒருமுறை இறக்கி, அந்தக் கோப்புறையை மற்றவற்றுக்குப் படியெடுக்கப் போகிறோம். 2024-இல் வந்த 3.0 பதிப்பில் எல்இடி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் கட்டளைகள் மாறிவிட்டதால், பழைய காணொளிகளைப் பார்த்து எழுதும் நிரல் தொகுக்கப்படாது; எனவே பதிப்பு எண் சுவரில் எழுதி ஒட்டப்படும். சில பலகைகளில் அப்லோட் தொடங்கும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஈஎன் என்ற ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோபாரட் மின்தேக்கி வைத்தால் அது தேவைப்படுவதில்லை என்பதைப் பட்டறைக்காரர் சோதித்துவருகிறார்.

இந்தப் பலகை 3.3 வோல்ட்டில் இயங்குவதால், 5 வோல்ட் தரும் எக்கோ கம்பியை நேரடியாக இணைக்கக் கூடாது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் அழுத்தத்தைப் பிரித்துத் தர வேண்டும். அந்த இரண்டு மின்தடைகளையும் அட்டையிலேயே பற்றாசு வைத்துப் பொருத்திய பிறகுதான் பலகைகள் மாணவர் கைக்குப் போகும்.